ஃபிக்மா கோப்பைப் பிடிஎஃப் ஆக்கி வைத்திருங்கள்

யாழ்ப்பாணத்திலிருந்தபடி கொழும்பு மென்பொருள் நிறுவனமொன்றின் வடிவமைப்பாளர் பதவிக்கு இணையவழி நேர்முகத்தேர்வுக்குத் தோற்றுபவர்கள், ஃபிக்மா என்ற இணையவழி வடிவமைப்பு மென்பொருளில் உருவாக்கித் தாம் காட்டவிருக்கும் திரைகளை முதல் நாளே பிடிஎஃப் கோப்பாக ஏற்றுமதி செய்து மடிக்கணினியில் சேமித்து வைப்பது நல்லது. ஃபிக்மா தன் கோப்புகளை இணையத்திலிருந்தே தரவிறக்கித் திறப்பதால், சூம் அழைப்பில் திரையைப் பகிரும்போது இரண்டும் ஒரே இணைப்பை, அதுவும் பெரும்பாலும் கைபேசி டேட்டாவை, பங்குபோட்டுக்கொள்கின்றன. படம் உறைந்து நிற்க, விளக்கம் பாதியில் அறுந்துபோகும். பிடிஎஃப் கோப்புக்கு அந்தச் சிக்கல் இல்லை. பக்க வரிசையும் உங்கள் கையிலேயே இருப்பதால், பயனரின் பிரச்சினை, கைவிட்ட வரைவுகள், இறுதித் தீர்வு என்று தடுமாறாமல் சொல்லிச் செல்லலாம். ஆயினும் அசைவுகளையும் சொடுக்கல்களையும் காட்ட இது உதவாது. அவற்றுக்குச் சிறிய திரைப்பதிவு வேண்டும். வடிவமைப்பின் அடுக்குகளை (லேயர்களை) எப்படி ஒழுங்குபடுத்தினீர்கள் என்று கேட்டால் மூல ஃபிக்மா கோப்பைத் திறந்தே ஆகவேண்டும்.