சக கான்ட்ராக்டருக்கு நாள் கூலி கட்டாது

திருப்பூரில் பனியன் கம்பெனி வயரிங் எடுத்தால் சொன்ன தேதியில் முடித்தே ஆக வேண்டும். என் ஆட்கள் பத்தாதபோது அவிநாசியிலிருந்து இன்னொரு கான்ட்ராக்டர் தன் பசங்களோடு வருவார். அவருக்கும் வயர்மேன் நாள் கூலிதான் என்பது இங்கே வழக்கம். அது நியாயமே இல்லை. அவரோடு கட்டிங் மிஷின், ஒயர் இன்சுலேஷன் சோதிக்கிற மெக்கர், வண்டி பெட்ரோல் எல்லாம் சேர்ந்துதானே வருகிறது? லைசென்ஸ் புதுப்பிக்கிற செலவும் அவர் தலையில்தான். கட்டாத கூலிக்கு வந்தவர் பாதியில் வேறு சைட்டுக்குப் போனால் அவரை எப்படிக் குறை சொல்வது?

இப்போது வேலைக்கு முன்பே இரண்டு பேரும் சைட்டைச் சுற்றிப் பார்த்து ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் இவ்வளவு என்று பாயின்ட் ரேட் பேசிவிடுகிறோம். லைட் பாயின்ட்டுக்கு ஒரு ரேட், ஏசிக்கு 4 ஸ்கொயர் எம்எம் ஒயர் இழுத்தால் வேறு ரேட், ஒயரெல்லாம் வந்து சேரும் டிபி பெட்டிக்குள் அவற்றை ஒழுங்காகக் கட்டுகிற டிரெஸ்ஸிங் தனி. கான்கிரீட் உடைக்க வேண்டிய இடமென்றால் கூடுதல். ஓனர் நடுவில் சுவிட்ச் போர்டை மாற்றச் சொன்னால் அன்றைக்கே நோட்டில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவோம்.

"ஏனுங்கண்ணா, பார்ட்டி பணம் குடுத்ததுக்கப்புறம் வாங்கிக்கட்டுங்களா?" என்று அந்த அவிநாசி கான்ட்ராக்டர் கேட்டார். வேண்டாமுங்க என்றேன். ஓனர் இழுத்தடித்தால் அது என் பாடு. அவர் பசங்களுக்குச் சனிக்கிழமை சம்பளம். அவருக்கும் அன்று சாயங்காலமே பணம் போய்விடும். அதற்கென்றே அட்வான்சில் ஒரு பங்கைத் தொடாமல் வைக்கிறேன். அவருடைய சைட்டுக்கு நான் போகும்போதும் இதே கணக்குதான்.