இலவசமாக நிதி திரட்டித் தரப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாம்பன், மண்டபம், தொண்டி, வாலிநோக்கம் என இராமநாதபுரம் கடற்கரை நெடுகிலும் மாலை வகுப்பு நடத்தும் இளைஞர் மன்றங்களும், கடற்பாசி எடுக்கும் பெண்களின் சங்கங்களும், வாடகைக் கட்டடத்தில் இயங்கும் சிறு அறக்கட்டளைகளும் உண்டு. நிதி திரட்டுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் சிலர் இவற்றுக்கு ஊதியம் வாங்காமல் உதவ வருகிறார்கள். நானும் அப்படிப் போனவன்தான். கீழே வரும் தவறுகளில் பாதி நான் செய்தவை.

முதல் தவறு, போன அன்றே திட்ட முன்மொழிவு எழுத உட்காருவது. நான் பதினைந்து பக்கம் எழுதி முடித்த பிறகுதான், நான் உதவப் போன சங்கத்தின் செயலாளர் பீரோவின் மேலிருந்து ஜவுளிக்கடை மஞ்சள் பை ஒன்றை எடுத்து வந்தார். அதில் பதிவுச் சான்றிதழ், பான் கார்டு, அமைப்புக்கும் நன்கொடையாளருக்கும் வருமான வரிச் சலுகை தரும் 12ஏ, 80ஜி சான்றுகள் எல்லாம் இருந்தன. ஆனால் பழைய பதிவு பெற்ற எல்லா அமைப்புகளும் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும் என்று 2021இல் விதி வந்தபோது அவர்கள் விண்ணப்பித்திருக்கவில்லை. கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காகச் செலவிடும் சிஎஸ்ஆர் பணத்தைப் பெற இப்படிப்பட்ட சங்கத்துக்கு நடப்பிலுள்ள அந்தப் பதிவுகளோடு, மூன்றாண்டுகளாவது இத்தகைய பணி செய்த வரலாறும், சிஎஸ்ஆர்-1 படிவம் தாக்கல் செய்து பெற்ற எண்ணும் வேண்டும். என் பதினைந்து பக்கங்களையும் யாருக்கும் அனுப்ப முடியவில்லை. முதல் வாரம் முழுவதும் அந்தப் பையைப் பிரித்து அடுக்குவதிலும், கூட்ட முடிவுகளை எழுதும் மினிட் புத்தகத்தையும் தணிக்கை அறிக்கைகளையும் சரிபார்ப்பதிலும், பொறுமையான ஆடிட்டர் ஒருவரைத் தேடிப் பிடிப்பதிலும் போனாலும் தாழ்வில்லை.

இதைவிட ஆபத்தானது வெளிநாட்டுப் பணத்தில் நேரும் தவறு. கீழக்கரையிலும் தொண்டியிலும் வளைகுடா, சிங்கப்பூர், மலேசியா உறவு இல்லாத தெரு அரிது என்பதால், வாட்ஸ்அப் குழுக்களில் சங்கத்தின் வங்கிக் கணக்கு எண்ணைப் போட்டுவிடலாம் என்றே எவருக்கும் தோன்றும். துபாயில் வேலை பார்த்தாலும் இந்தியக் குடிமகனாகவே இருப்பவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றுவிட்ட அவருடைய அண்ணன் அனுப்பினால், அவர் கீழக்கரையிலேயே பிறந்தவராக இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அதை வாங்கக் கூடாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் புதுடெல்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் பிரதானக் கிளைக் கணக்கில்தான் முதலில் வந்து சேர வேண்டும். வாங்கியவர் அதை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் வழியில்லை. ஆகவே, பதிவுள்ள பெரிய நிறுவனம் ஒன்றின் மூலமாக வாங்கிக்கொள்ளலாம் என்று யோசனை சொல்லாதீர்கள். நோட்டீஸ் வந்தால் பதில் எழுத வேண்டியவர் செயலாளர். நாமோ அதற்குள் ஊர் திரும்பியிருப்போம்.

காலம் பார்க்காமல் கூட்டம் போடுவதும் வசூல் தொடங்குவதும் அடுத்த தவறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள். உட்கார்ந்து பேச அது நல்ல நேரம், ஊருக்குள் வசூலுக்குப் போக மிகக் கெட்ட நேரம். பாசிக்குப் போகும் பெண்கள் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் விடியும் முன்பே கிளம்பிவிடுவார்கள். அந்த நாட்களில் காலை பத்து மணிக்கு ஜூம் கூட்டம் வைத்துவிட்டு, ஆர்வம் இல்லை என்று அவர்களைக் குறை சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

அழுகிற குழந்தையின் படத்தைப் போட்டால் பணம் வரும்தான். அந்தக் குழந்தை மறுநாள் அதே ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். வந்த பணத்தில் நமக்கு இத்தனை விழுக்காடு என்ற பேச்சையும், அது எவ்வளவு சிறியதாக இருந்தாலும், எடுக்கவே கூடாது.

கடைசியாக ஒன்று, சிறியதாகத் தோன்றுவது. நன்கொடைப் பக்கத்தையும் மின்னஞ்சலையும் அவசரத்தில் நம் கைப்பேசி எண்ணைக் கொடுத்தே திறந்துவிடுகிறோம். சங்கத்தின் எண்ணுக்கு மாற்றாமல் நான் விட்டுவந்த ஒரு கணக்குக்காக அந்தச் செயலாளர் இரண்டு ஆண்டுகள் என்னை அழைத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் நான் கூட்டத்தில் இருந்தபோது ஆறுமுறை அழைத்திருந்தார். வெளியே வந்து பார்த்தபோது ஓடிபி காலாவதியாகியிருந்தது, அன்று மாலை ஐந்து மணியோடு விண்ணப்பத்தின் கெடுவும் முடிந்திருந்தது.