கட்சியைத் தேடுமுன் உங்கள் கேள்வியைத் தேடுங்கள்: புது வாக்காளர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில் இப்போது 18 வயதானால் போதும், பெயர் தானாகவே வாக்காளர் பட்டியலில் ஏறிவிடுகிறது. 2021 டிசம்பர் 15 அன்று அந்தச் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு 21 வயது வரை காத்திருந்து, நாமே போய்ப் பதிந்துகொள்ள வேண்டும். வயது குறைந்தது நல்ல காரியம். ஆனால் பதிவுக்காக ஒரு நடை நடந்தபோது வந்த யோசனை இப்போது பலருக்கு வருவதில்லை. பினாங்கு மாநிலத்தில் பிறை, பட்டர்வொர்த் பக்கம் முதல் வாக்கு போடப் போகும் பிள்ளைகள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: “எந்தக் கட்சிக்குப் போடலாம், அண்ணா?”

அந்தக் கேள்வி கடைசியில் வர வேண்டியது. முதலில் வந்துவிட்டால் மற்ற தவறுகள் எல்லாம் வரிசையாக வரும்.

வீட்டுக் கட்சியே என் கட்சி என்பது

தாத்தா ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) கிளை உறுப்பினராக இருந்திருப்பார். தோட்டத்தில் பிறப்புப் பத்திரமோ அடையாள அட்டையோ, எதுவானாலும் கிளைத் தலைவரிடம்தான் போக வேண்டியிருந்தது. 2007 நவம்பர் 25 அன்று இந்தியர் உரிமைக்காக நடந்த இண்ட்ராஃப் பேரணிக்குப் பின் அப்பா, மாமா எல்லாம் எதிர்க்கட்சிப் பக்கம் போயிருப்பார்கள். அடுத்த மார்ச்சிலேயே பினாங்கில் ஆட்சி மாறியது. இரண்டு தலைமுறைக்கும் அவரவர் காரணம் இருந்தது, இரண்டும் நியாயமான காரணங்கள். ஆனால் அவை அவர்கள் வாழ்ந்த காலத்துக்கு உரியவை. 2023 ஆகஸ்டில் நடந்த சட்டமன்றத் தேர்தலில் அந்த எதிர்க்கட்சிகள் சில சேர்ந்த நம்பிக்கைக் கூட்டணியும், ம.இ.கா. இருந்த தேசிய முன்னணியும் ஒரே அணியில் நின்றன. ம.இ.கா. அந்தத் தேர்தலில் போட்டியிடவே இல்லை. குடும்பப் பழக்கத்தை வைத்து முடிவு செய்பவர் இந்த நிலையில் எந்தப் பக்கம் போவார்?

சென்னை அரசியலில் மூழ்கிக் கிடப்பவர்களும் உண்டு. அங்கே நேற்று யார் யாரை என்ன சொன்னார் என்பது அத்துப்படி, தன் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர் யார் என்று மட்டும் தெரியாது. பார்ப்பதில் தப்பே இல்லை, நம் மொழியில் நடக்கும் அரசியல் அது. ஆனால் அந்த அளவுகோல் இங்கே பொருந்தாது. நீங்கள் இடதுசாரியா வலதுசாரியா என்று சொல்லும் அமெரிக்கக் கேள்வித்தாள்களும் அப்படித்தான். துப்பாக்கிச் சட்டத்தைப் பற்றிக் கேட்பார்கள். தாய்மொழிப் பள்ளி, சமயச் சட்டம், சபா சரவாக் உரிமை பற்றி ஒரு கேள்வி இருக்காது.

அதற்குப் பதில் ஒரு தாளை எடுத்து, உங்களைத் தூங்கவிடாத விஷயங்களை எழுதுங்கள். வாடகை, அம்மாவின் சம்பளம், தம்பிக்குப் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷன் படிப்பில் இடம், கோயில் நிலம், எதுவாகவும் இருக்கலாம். அந்தப் பட்டியலில் உங்கள் அரசியல் இருக்கிறது.

“இந்தியர்களுக்கு என்ன செய்தார்கள்?” என்பதோடு நின்றுவிடுவது

கேட்க வேண்டிய கேள்விதான், விட்டுக்கொடுக்கக் கூடாது. இந்தியர் மேம்பாட்டுக்கான அரசுப் பிரிவான மித்ராவுக்கு ஆண்டுக்கு 10 கோடி வெள்ளி (ரிங்கிட்) ஒதுக்கினால் அது யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று கேட்டே ஆக வேண்டும். ஆனால் அதோடு நின்றுவிட்டால் பெரிய விஷயங்கள் கைநழுவிப் போகும். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,500 வெள்ளியிலிருந்து 1,700 ஆனது. பிறை தொழிற்சாலையில் வேலை செய்யும் அக்காவுக்கும் இரவுக் காவல் வேலை பார்க்கும் மாமாவுக்கும் இது எந்தச் சிறப்பு நிதியையும் விட நேராக வீட்டுக்கு வந்து சேரும் காசு. அதை இந்தியர் பிரச்சினை என்று யாரும் சொல்லமாட்டார்கள். அது தொழிலாளர் பிரச்சினை, அதில் நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இந்த ஊருக்கு இது புதிதும் அல்ல. 1957இல் ஜார்ஜ்டவுன் மாநகரத்தின் முதல் மேயராக வந்த டி.எஸ். ராமநாதன் தொழிற்கட்சிக்காரர். இன்றும் அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது.

யாருக்கு எந்த அதிகாரம் என்று தெரியாமல் வாக்களிப்பது

நான் பார்த்த வரையில் அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். மழை பெய்து வீட்டு வாசல் சாக்கடை பொங்கினால் நாடாளுமன்ற உறுப்பினரைத் திட்டுகிறோம். தமிழ்ப்பள்ளிக்கு ஆசிரியர் வரவில்லை என்றால் மாநில அரசைத் திட்டுகிறோம். இரண்டுமே முகவரி தப்பிய கோபம்.

நிலம் மாநிலத்தின் அதிகாரம். கோயில் நிலப் பிரச்சினை என்றால் முதலில் பார்க்க வேண்டியது மாநில அரசைத்தான். கல்வி, மருத்துவமனை, போலீஸ், குடியுரிமை, தொழிலாளர் சட்டம் எல்லாம் கூட்டரசுடையவை, அதாவது மத்திய அரசின் கையில். மாநில அரசு தமிழ்ப்பள்ளிக்கு மானியம் கொடுக்கலாம், ஆசிரியரை நியமிக்க முடியாது. பினாங்கில் 13 நாடாளுமன்றத் தொகுதிகள், 40 சட்டமன்றத் தொகுதிகள். உங்களுக்கு இரண்டு வாக்கு, இரண்டும் வெவ்வேறு வேலைக்கு. இரண்டையும் ஒரே சின்னத்துக்குத்தான் போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கோலாலம்பூரில் சட்டமன்றமே கிடையாது. அங்கே 11 நாடாளுமன்றத் தொகுதிகள், ஆளுக்கு ஒரே ஒரு வாக்கு.

அப்புறம் அந்தச் சாக்கடை? அது மாநகர் மன்றத்தின் வேலை. மன்ற உறுப்பினர்களை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, மாநில அரசு நியமிக்கிறது. 1965இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன, திரும்ப வரவே இல்லை. பினாங்கு அரசு அதை மீட்க 2012இல் ஒரு சட்டம் இயற்றியது. 2014இல் கூட்டரசு நீதிமன்றம் அது செல்லாது என்றது. அதனால் வீடு தேடி வரும் சட்டமன்ற வேட்பாளரிடம், “எங்கள் பகுதிக்கு மன்ற உறுப்பினராக யாரை நியமிப்பீர்கள், எதை வைத்து?” என்று கேட்டுப் பாருங்கள். வேலை தெரிந்தவரா இல்லையா என்பது அந்தப் பதிலில் ஓரளவு தெரிந்துவிடும்.

“ஆள் நல்லவர்” என்பது மட்டும் போதும் என்று நினைப்பது

நல்லவராக இருக்கட்டும், ஆனால் அவையில் அவர் பெரும்பாலும் கட்சி சொல்கிறபடிதான் வாக்களிப்பார். 2018இல் மக்கள் தேர்ந்தெடுத்த அரசு 2020 பிப்ரவரியில், தேர்தல் இல்லாமலே கவிழ்ந்தது. அதற்குப் பிறகு 2022இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. தாமாகக் கட்சி மாறும் உறுப்பினர் இப்போது பதவி இழப்பார். ஆனால் கட்சி முழுவதுமாக வேறு கூட்டணிக்குப் போனாலோ, கட்சியே ஒருவரை நீக்கினாலோ பதவி போகாது. ஆகவே ஆளைப் பார்க்கிற அளவுக்குக் கட்சியையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

துண்டுக் காணொளியை நம்புவது

2022 பொதுத் தேர்தல் முடிந்த கையோடு, 1969 மே 13 இனக் கலவரத்தை இழுத்துப் பயமுறுத்தும் காணொளிகள் டிக்டாக்கில் பரவின. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வருவதை நாம் கேள்வியே கேட்காமல் அனுப்பிவிடுகிறோம், சித்தப்பா அனுப்பினார் என்பதே சான்றாகிவிடுகிறது. கோபமோ பயமோ பொங்கினால் அந்த இடத்தில் நிறுத்துங்கள். சரிபார்க்க ‘செபெனார்ஞா’ என்ற அரசாங்கத் தளம் 2017 முதல் இருக்கிறது. அரசைப் பற்றிய செய்தி என்றால் அதோடு நிற்காமல் வேறு செய்தித்தளங்களையும் பாருங்கள்.

இதைவிட நல்ல வழி நாடாளுமன்றத்தின் இணையத்தளம். அங்கே ‘ஹன்சார்ட்’ எனப்படும் அவைக்குறிப்புகள் நாள்வாரியாகக் கிடைக்கும், காசு இல்லை. கோப்பைத் திறந்து, தேடும் கட்டத்தில் ஆளின் பெயரோடு தொகுதியின் பெயரையும் தட்டுங்கள். அவையில் உறுப்பினர்கள் ஒருவரையொருவர் ‘யாங் பெர்ஹொர்மாட் (மாண்புமிகு) பத்து கவான்’ என்பதுபோலத் தொகுதியைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எழுதி வந்ததை வாசித்தாரா, அமைச்சரை மடக்கிக் கேட்டாரா, அந்த வாரம் பேசவே இல்லையா என்பது கண்ணுக்கு முன்னால் இருக்கும். உங்கள் பட்டியலில் உள்ள விஷயத்தைப் பற்றி அவர் ஒரு தடவையாவது வாய் திறந்தாரா என்று பாருங்கள். மலாய் மொழியில்தான் இருக்கும், ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வு எழுதியவருக்கு அது சிரமமே இல்லை.

“எல்லாரும் ஒன்றுதான்” என்று ஒதுங்குவது

இப்படிச் சொல்பவர்களின் கசப்பு பொய்யானது அல்ல. 2013இல் எதிரணிக்குப் பாதிக்கு மேல் வாக்கு விழுந்தும் கிடைத்தது 89 இடங்கள், தேசிய முன்னணிக்கு 133. தொகுதிகளின் அளவும் ஒன்றுபோல் இல்லை. 2022இல் சிலாங்கூரின் பாங்கியில் 3 லட்சத்துக்கு மேல் வாக்காளர்கள், சரவாக்கின் இகானில் 30 ஆயிரம்கூட இல்லை. ஆனால் ஒதுங்கினால் இந்தக் கணக்கு மாறாது. கோலாலம்பூரில் ‘பத்து’ என்ற தொகுதியில் அதே தேர்தலில் 10 பேர் நின்றார்கள். வாக்கு அப்படிச் சிதறும் இடத்தில் சில நூறு பேர் வீட்டிலிருந்தாலே முடிவு மாறிப் போகலாம்.

முகவரியை மறந்துவிடுவது

தானாகப் பதிவாகும்போது அடையாள அட்டையில் உள்ள முகவரிதான் எடுத்துக்கொள்ளப்படும். கோலாலம்பூரில் வேலை பார்க்கும் பினாங்குப் பிள்ளைக்கு அஞ்சல் வாக்கு சாதாரணமாகக் கிடையாது, சில பணிகளில் இருப்பவர்களுக்குத்தான் அது. பேருந்து பிடித்து ஊருக்கு வர வேண்டும், இல்லையென்றால் அங்கேயே வாக்கை மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றுவதென்றால் முதலில் தேசியப் பதிவிலாகாவில் அட்டை முகவரியை மாற்றி, பிறகு தேர்தல் ஆணையத்திடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். நாடாளுமன்றம் கலைந்த பிறகு ஓடினால் அந்தத் தேர்தலுக்கு அது உதவாது. இப்போதைய நாடாளுமன்றம் முதலில் கூடியது 2022 டிசம்பர் 19இல், ஆயுள் ஐந்தாண்டு. உங்கள் பெயர் எந்தத் தொகுதியில் இருக்கிறது என்பதைத் தேர்தல் ஆணையத்தின் இணையத்தளத்தில் அடையாள அட்டை எண்ணைத் தட்டி இன்றைக்கே பார்த்துவிடலாம்.