மழை நாள்ல புது பார்ட்னரோட பாறை ஏறப் போறீங்களா, இதப் படிச்சிட்டு கிளம்புங்க

கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை பக்கம் இருக்கிற கரடுங்க எல்லாம் கருங்கல்லு. கர்நாடகால இருக்கிற பாதாமி மாதிரி மணற்கல்லுன்னா மழை பேஞ்ச ஈரத்துல ஏறவே கூடாது, பிடி உடைஞ்சு கையோட வந்துடும். நம்மூர் கல்லு அப்படி உடையாது, வெயில் அடிச்சா சீக்கிரம் காஞ்சும் போயிடும், ஆனா ஈரமா இருக்கும்போது வழுக்குச்சுன்னா பிடிச்சுக்க ஒண்ணும் இருக்காது, ஏன்னா இங்க நிறைய இடம் சாய்வுப் பாறை, ஷூ ரப்பர் ஒட்டுறத நம்பித்தான் கால வைக்கணும்.

பாறையில மேலருந்து கீழ வரைக்கும் கருப்பா கோடு இறங்கியிருக்கும் பாருங்க, அது தண்ணி வழியுற தடம், பாசி படிஞ்சிருக்கும், மத்த இடம் காஞ்சாலும் அங்க கால வைக்காதீங்க. மழ நின்னதும் உள்ளங்கையால பாறையத் தடவிப் பாருங்க, ஈரம் ஒட்டுச்சுன்னா இன்னும் கொஞ்ச நேரம் டீ குடிங்க. பழைய குவாரி பக்கம் மட்டும் போயிடாதீங்க, வெடி வச்ச கல்லு உள்ளுக்குள்ளயே விரிசல் விட்டிருக்கும். கோட்டை மலைங்க தொல்லியல் துறை பாதுகாப்புல இருக்கு, அங்க போல்ட் (கயிறு மாட்ட பாறையில துளை போட்டு இறக்குற ஆணி) அடிக்கிறது, சுவர்ல ஏறுறது எல்லாம் வேணாம்.

மழ விடுற வரைக்கும் சும்மா உக்காராதீங்க, புது ஆளப் பத்தித் தெரிஞ்சுக்க இதவிட நல்ல நேரம் கிடைக்காது. எத்தன வருஷமா ஏறுறீங்கன்னு கேட்டா எல்லாரும் பெருசாத்தான் சொல்லுவாங்க, அதனால கேக்காதீங்க, தரையிலயே பெலே பண்ணச் சொல்லுங்க, அதாவது ஏறுறவர் விழுந்தா தாங்குற மாதிரி கீழ நின்னு கயிறப் பிடிக்கிறது. நீங்க கயிற கட்டிக்கிட்டு நாலடி முன்ன பின்ன நடங்க, அவர் கயிற வாங்கி விடட்டும், நீங்க அவரோட பிரேக் கைய, அதாவது கயிற நிறுத்திப் பிடிக்கிற கைய மட்டும் பாருங்க. பேசும்போது, கொசு கடிக்கும்போது, போன் அடிக்கும்போது கூட அந்தக் கை கயிற விடக்கூடாது. ஒரு தடவ விட்டாருன்னா சொல்லிக் குடுங்க, மறுபடி விட்டாருன்னா அன்னைக்கு அவர் பெலேல ஏறாதீங்க, இல்ல மூணாவது ஆள் ஒருத்தர் கயித்து வால பிடிச்சுக்கட்டும். இதுல கூச்சமே வேணாம், வயசுல பெரியவரா இருந்தாலும் சரி.

அதே மாதிரி அவரும் உங்களச் சோதிக்கணும். எட்டு முடிச்சு (8 மாதிரி வர்ற கயித்து முடிச்சு) ஹார்னஸ்ல, அதாவது இடுப்பு, தொடை வார்ல, கயிறு கட்டுற ரெண்டு லூப்லயும் நுழைஞ்சிருக்கா, முடிச்சுக்கு வெளிய மிஞ்சுற வால் ஒரு சாணாவது நீளம் இருக்கா, பக்கிள் இறுகியிருக்கா, காராபினர் (கயிறு மாட்டுற உலோகக் கொக்கி) பூட்டு திருகியிருக்கான்னு தொட்டுப் பாக்கணும், கண்ணால பாத்தா போதாது. "அதெல்லாம் சரியாத்தான் இருக்கும் ப்ரோ"ன்னு சொல்ற ஆளோட மேல போகாதீங்க. இன்னொண்ணு, ஏறுறவர் ரொம்ப கனமா இருந்து பெலே ஆள் ஒல்லியா இருந்தா, விழும்போது கீழ இருக்கிறவர கயிறு தரைய விட்டுத் தூக்கிடும், அவர ஒரு மரத்தோடயோ குண்டுப் பாறையோடயோ கட்டி வைங்க.

கூப்பிடுற சொல்லையும் முன்னாடியே பேசி வச்சுக்கணும். காத்துலயும் மழையிலயும் "எடு", "விடு" ரெண்டும் கீழ ஒரே மாதிரிதான் கேக்கும், அதனால "இறுக்கு", "லூசு"ன்னு வச்சுக்கோங்க. பேரையும் சேத்து கூப்பிடுங்க, பாறையில ரெண்டு டீம் இருந்தா வெறும் "அண்ணா"ன்னு கத்துனா நாலு பேர் திரும்பிப் பாப்பாங்க.

ஈரக் கயிறு கனக்கும், நைலான் நனைஞ்சா பலமும் குறையும், பெலே டிவைஸ்ல (கயிறு ஓடுறத நிறுத்துற கருவி) வேகமா வழுக்கிக்கிட்டு ஓடும். அதனால அன்னைக்கு லீட் (கீழருந்து கயிற மாட்டிக்கிட்டே ஏறுறது) வேணாம், மேல ஆங்கர் (கயிறத் தாங்குற பிடிப்பு) போட்டு, கயிறு மேலருந்து வர்ற டாப் ரோப் மட்டும், இறக்கும்போது கையுறை போட்டுக்கிட்டு மெதுவா விடணும், கயித்தோட கடைசில ஒரு முடிச்சு கண்டிப்பா இருக்கணும். கை வேர்க்காம இருக்க பூசிக்கிற சாக் பவுடர் வச்ச சாக்பைய மூடி வைங்க, நனைஞ்ச சாக் பவுடர் வெறும் களிமண்ணு. மேல் விளிம்புல மலைத்தேனீ கூடு தொங்குதான்னும் ஒரு பார்வை பாத்துடுங்க, இருந்தா வேற பாறை.

இடியத்தான் நான் ரொம்ப பயப்படுவேன். ஏப்ரல், மே மாசத்துல நம்ம பக்கம் சாயங்காலம் வர்ற மாங்கா மழ மின்னலோடதான் வரும், மொட்டப் பாறை உச்சில நீங்க மட்டும்தான் உயரம். மின்னல் அடிச்சு 30 செகண்டுக்குள்ள இடி கேட்டாலே கீழ இறங்கிடுங்க, ஆங்கர் போனா போகுது. தனி மரத்தடியிலயும், குண்டுப் பாறை இடுக்குலயும் ஒதுங்காம கார்ல ஏறிக்கோங்க. கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் ஆகணும் மறுபடி பாறைக்கு வர.

வீட்டுக்கு வந்ததும் கயித்த பையிலயே போட்டு வைக்காதீங்க, நிழல்ல விரிச்சுக் காய வைங்க, மொட்டமாடி வெயில் நைலானுக்கு ஆகாது. ஷூக்குள்ள பழைய தினத்தந்திய சுருட்டித் திணிச்சு வைங்க, ஈரத்த இழுத்துக்கும், நாத்தமும் கொஞ்சம் குறையும்.