'டைம்' எல்லாம் 'தெம்பு' ஆகாது: போர்த்துக்கேயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாண், சப்பாத்து, குசினி, துவாய் என்று போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள் கொழும்புத் தமிழர் வாயில் நாளெல்லாம் புழங்குகின்றன. ஆனால் அந்த மொழியைப் படிக்க உட்கார்ந்தால் ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டுதான் போகிறோம். அப்படிப் போகிறவர்கள் வழுக்கி விழும் சொல் 'டைம்'. அதற்கு அகராதி முதலில் காட்டும் போர்த்துக்கேயச் சொல்லான 'தெம்பு'வை (tempo) எல்லா இடத்திலும் போட்டுவிடுகிறார்கள்.

தமிழில் மணி, தடவை, காலம் என்று பிரித்தே பேசுகிறோம். போர்த்துக்கேயமும் பெரும்பாலும் அப்படித்தான். ஆங்கில வசனத்தை முதலில் தமிழில் சொல்லிப் பார்த்தால் பாதிப் பிழை அங்கேயே தீரும். (இங்கே உள்ள உச்சரிப்பு போர்த்துக்கல் வழக்கு. சொல்லின் இறுதி 'ஷ்' பிரேசிலின் பெரும்பாலான இடங்களில் 'ஸ்' ஆகும்.)

மணி கேட்க 'கி ஓரஷ் சௌங்?' என்பதே சரி. 'கி தெம்பு ஃபாஷ்?' என்று கேட்டால் மழையா வெயிலா என்று பதில் வரும், ஏனென்றால் 'தெம்பு'வுக்கு வானிலை என்றும் பொருள். பதிலில் ஒரு மணி மட்டும் ஒருமை: 'எ உமா ஓர'. இரண்டு முதல் பன்மை: 'சௌங் துவஷ் ஓரஷ்'. நண்பகலும் நள்ளிரவும் ஒருமைதான்.

'தடவை'க்கு 'வேஷ்', பன்மையில் 'வேஸெஷ்'. இது பெண்பால் சொல். எனவே இரண்டு தடவை 'துவஷ் வேஸெஷ்', 'தோய்ஷ்' அல்ல. 'தோய்ஷ் தெம்புஷ்' என்று எழுதினால் உதைபந்தாட்டத்தின் இரண்டு பாதிகள் நினைவுக்கு வரும். பெருக்கல் வாய்பாட்டிலும் இதே சொல்: 'த்ரேஷ் வேஸெஷ் குவாத்ரு', மூன்று தரம் நான்கு.

மருந்துச் சீட்டில்தான் மிகக் கவனம் தேவை. நாம் மணி வேறு, மணித்தியாலம் வேறு என்கிறோம். 'ஓர' இரண்டையும் குறிக்கும், வேறுபடுத்துவது முன்னால் வரும் சிறுசொல். 'அஷ் ஓய்து ஓரஷ்' என்றால் 8 மணிக்கு. 'தெ ஓய்து ஐங் ஓய்து ஓரஷ்' என்றால் 8 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. மாற்றி எழுதினால், நாளுக்கு மூன்று வேளை விழுங்க வேண்டிய குளிசை ஒரு வேளையோடு நின்றுவிடும்.

'நேரத்துக்கு வந்தான்' என்பதில் தமிழும் கைகொடுக்காது. கொழும்புக் கோட்டை நிலையத்தில் ரயில் புறப்பட முன் ஓடிப்போய் ஏறிக்கொண்டால் 'அ தெம்பு'. சொன்ன நேரத்துக்கே வந்து சேர்ந்தால் போர்த்துக்கலில் 'அ ஓரஷ்', பிரேசிலில் 'ந ஓர'.

சந்தோஷமாகப் பொழுதைக் கழியுங்கள் என்று வாழ்த்தும்போது 'தெம்பு' வரவே கூடாது, 'திவிர்த்தா-செ' போதும். 'அந்தக் காலத்தில்' என்பதற்கு 'நக்கேல எப்பொக்க' எங்கும் செல்லும்.

எதிர்த்திசையிலும் ஒரு பொறி உண்டு. பிரேசில் செய்தியில் ஆங்கில 'டைம்' போலவே எழுதிய சொல்லைக் கண்டால் அதற்கும் நேரத்துக்கும் தொடர்பில்லை. அது விளையாட்டு அணி, வாசிப்பது 'ச்சீமி'. போர்த்துக்கலில் அணியை 'எக்கிப்ப' என்பார்கள்.

மொழிபெயர்த்து முடித்ததும் கோப்பில் 'தெம்பு'வை மட்டும் தேடுங்கள். 'அ தெம்பு' போன்ற தொடர்களை விட்டு, ஒவ்வோர் இடத்திலும் 'எவ்வளவு நேரம்', 'காலம்', 'வானிலை' என்பவற்றில் ஒன்று பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தாத இடத்தில் பெரும்பாலும் 'ஓர' அல்லது 'வேஷ்' வந்திருக்க வேண்டும்.