பள்ளி விளையாட்டு விழா: டெல்டா மைதானங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விழா வேலை பெரும்பாலும் சிறப்பு விருந்தினர் தேதியிலும் பரிசுக் கோப்பையிலும்தான் தொடங்குகிறது. ஓடுகிற பிள்ளையை எல்லோரும் பார்க்கிறார்கள். ஓடி முடித்து நிற்கத் தடுமாறுபவன், ஈட்டியை எடுக்கப் போகிறவள், வெயிலில் வரிசையில் காத்திருப்பவர்கள், இவர்களை யாரும் கவனிப்பதில்லை. அடிபடுவது பெரும்பாலும் அங்கேதான். மைதானப் படம் வரையும்போது, போட்டியில் இல்லாத நேரத்தில் பிள்ளைகள் எங்கே இருப்பார்கள் என்பதை முதலில் குறியுங்கள்.

அடுத்தது மண். தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கம் பல மைதானங்கள் வண்டல் களிமண். ஐப்பசி, கார்த்திகை மழை விட்டு இரண்டு நாள் வெயில் அடித்தால் மேல்மண் காய்ந்து வெளுத்துவிடும். ஒரு விரல்கடை கீழே வழவழப்பு அப்படியே இருக்கும். ட்ராக்கின் வளைவுகளில் நாலைந்து இடத்தில் குதிகாலை அழுத்தித் திருகிப் பாருங்கள். ஒரு பிடி மண்ணை உருட்டினால் உடையாமல் உருண்டையாக நிற்கிறதா? அன்று ஓட்டப் போட்டி வேண்டாம். உமியைத் தூவிச் சமாளிப்பது இன்னும் மோசம், வழுக்கும் இடம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். மாசி, பங்குனியில் தொல்லை வேறு: நிலம் வெடித்துக் கிடக்கும். வெடிப்பில் கால் சிக்கினால் கணுக்கால் பிசகும். ஒரு வாரம் முன்பே மணல் கொட்டித் தண்ணீர் விட்டு, மணல் இறங்கியதும் மறுபடி நிரப்புங்கள்.

வாய்க்கால் ஓர மைதானத்தில் நண்டு வளையும் எலி வளையும் புல்லுக்குள் மறைந்திருக்கும். எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பும் வரும். ஆகவே புல் வெட்டவும் நெருஞ்சி முள் பொறுக்கவும் மாணவர்களை இறக்கிவிடக் கூடாது. அது கம்பும் பூட்ஸும் உள்ள பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை.

கோடு போடச் சுண்ணாம்புத் தூளை அள்ளிக் கொடுப்பது பழக்கமாகிவிட்டது. சுட்ட சுண்ணாம்பு ஈரம் பட்டால் சூடேறும். நீற்றிய சுண்ணாம்பும் கண்ணில் விழுந்தால் கண்ணைப் புண்ணாக்கும். கல்மாவுக் கோலப்பொடி போதும். கண்ணில் சுண்ணாம்பு பட்டால் தேய்க்காமல், குறைந்தது 20 நிமிடம் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

இடம் பற்றாத மைதானத்தில் 100 மீட்டரை எப்படியாவது அளந்துவிட வேண்டும் என்று முடிவுக் கோட்டை மதில் சுவர்வரை தள்ளுகிறார்கள். வேகமாக வரும் பிள்ளை கோட்டிலேயே நிற்க முடியாது. பன்னாட்டு விதிப்படி கோட்டுக்கு அப்பால் 17 மீட்டர் வெற்றிடம் வேண்டும். அது இல்லையென்றால் போட்டியை 80 மீட்டர் ஆக்குங்கள், யாருக்கும் நஷ்டமில்லை. முடிவில் பிடிக்கும் நூல் உல்லன் நூலாக இருக்கட்டும். நைலான் கயிறு கழுத்தை அறுத்துவிடும்.

நீளம் தாண்டும் குழிதான் அதிகம் ஏமாற்றுவது. ஆற்று மணல் கிடைப்பது கஷ்டம் என்று எம்-சாண்ட் கொட்டிவிடுகிறார்கள். அது உடைத்த கல். விளிம்பு கூர்மை, தூசு அதிகம், நனைந்து காய்ந்தால் இறுகிவிடும். கொள்ளிடத்து மணல்போல உருண்ட மணிகள்தான் காலுக்கு அடியில் விலகிக் கொடுக்கும். 9 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 30 செ.மீ. ஆழம் உள்ள குழிக்கு ஏறக்குறைய 286 கன அடி, அதாவது மூன்று யூனிட் மணல் வேண்டும். ஒரு யூனிட்டை வாங்கிப் பரப்பினால் ஆழம் 10 செ.மீ.தான், அதற்குக் கீழே கெட்டிக் களிமண். முதல் நாள் மாலை மண்வெட்டியால் அடிவரை கிளறி, நத்தை ஓடும் கண்ணாடித் துண்டும் போகச் சலித்து, லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். குழியைச் சுற்றிச் செங்கல் வரம்பு இருந்தால் மணல் அதன் விளிம்பு மட்டத்துக்கு இருக்க வேண்டும். மணல் தாழ்ந்தால் செங்கல் தலைதூக்கும், தடுமாறி விழும் பிள்ளையின் முழங்கை அதில்தான் மோதும். மணல் நிரவும் ரேக்கைப் பல் மண்ணைப் பார்க்கும்படி, குழிக்கு 3 மீட்டர் தள்ளி வையுங்கள்.

எறிதல் போட்டிகளில் பெரிய தவறு, நேரம் மிச்சம் பிடிக்க இரண்டைப் பக்கத்துப் பக்கத்தில் நடத்துவது. 2019-ல் கேரளத்தின் பாலாவில், ஈட்டி எறிதலுக்கு உதவியாக நின்ற மாணவனின் தலையில், அருகில் நடந்த சங்கிலிக் குண்டு எறிதலின் குண்டு விழுந்து உயிர் போனது. அவன் போட்டியாளன் இல்லை. எறிதலை விழாவுக்கு முந்தைய நாளே முடித்துவிடுவது நல்லது. எறியும் பரப்பைக் கண்ணளவில் போடாதீர்கள். குண்டு எறிதலுக்கு வட்டத்தின் நடுவிலிருந்து 10 மீட்டரில் இரு கோடுகளுக்கும் இடைவெளி 6 மீட்டர். ஈட்டிக்கு, எறியும் வளைகோட்டை வரையக் கயிறு பிடித்த மையப் புள்ளியிலிருந்து 20 மீட்டரில் 10 மீட்டர். பார்ப்பவர்கள் எறிபவருக்குப் பின்னால், கயிற்றுக்கு அப்பால் நிற்கட்டும். ஈட்டி மண்ணில் குத்தி நிற்கும்போது அதன் வால்நுனி எறிந்தவர் பக்கமே சாய்ந்திருக்கும், ஓடிவரும் பிள்ளையின் முகத்துக்கு நேராக. பக்கவாட்டில் நடந்து போய், செங்குத்தாக நிமிர்த்தி, பிறகு உருவ வேண்டும். முனை கீழே பார்க்கத் தூக்கி வர வேண்டும். திருப்பி எறியக் கூடாது.

கயிறு இழுக்கும் போட்டியில் மெல்லிய நைலான் கயிறு ஆபத்து. நீண்டு, அறுந்தால் சாட்டையாக வீசும். தடித்த கயிறு, பக்கத்துக்கு எட்டுப் பேர், கையிலோ இடுப்பிலோ சுற்றக் கூடாது.

அணிவகுப்பில்தான் அதிகம் மயங்கி விழுகிறார்கள். அசையாமல் நின்றால் ரத்தம் காலில் தேங்கி மூளைக்குப் போவது குறைகிறது. விருந்தினர் கார் வாசலில் நுழையும்வரை பிள்ளைகள் நிழலில் உட்கார்ந்திருக்கட்டும். வரிசை நிற்க ஐந்து நிமிடம் போதும். மயங்கியவரைப் படுக்க வைத்துக் காலை ஒரு அடி உயர்த்துங்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். உடம்பு கொதித்துப் பிதற்றினால் அது வெப்பத் தாக்கு: 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பது வீண். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

தண்ணீர் தலைக்கு ஒன்றரை லிட்டர். 400 பேருக்கு 20 லிட்டர் கேன் 30. ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுப்பது உப்பை ஏற்றுவதுதான். காலை உணவுத் திட்டம் உள்ள பள்ளியில் அன்றைய உணவை முதல் போட்டிக்கு ஒன்றரை மணி முன்பே பரிமாறிவிடுங்கள்.

கொடிக்கம்பமும் பந்தல் கம்பமும் இரும்புக் குழாய். அவற்றை நிமிர்த்தும் முன் தலைக்கு மேலே மின்கம்பி போகிறதா என்று பார்க்க வேண்டும். 2022-ல் தஞ்சை களிமேட்டில் தேர் உயர் அழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை.

ஆம்புலன்ஸ் நுழையும் கேட்டில் பெற்றோரின் பைக்குகள் நிற்கும், பந்தல்காரரின் வண்டியும் நிற்கும். காலை ஆறு மணிக்கே அங்கே ஒருவரை நிறுத்தி, பூட்டுச் சாவியை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.