பரணில் ஏற்றிய காகிதம்: மொத்தமாக வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற புரட்டாசியில் எங்கள் குடியிருப்பின் மூன்றாவது மாடிக்குப் புதிதாகக் குடிவந்த இளம் தம்பதியர், சென்னை பாரிமுனை ஆண்டர்சன் தெருவிலிருந்து பத்து ரீம் ஏ4 தாள் அடங்கிய பெட்டியையும் இரண்டு மூட்டை டிஷ்யூவையும் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார்கள். கைகொடுக்கப் போன என்னிடம் அந்தப் பெண், "பரண் காலியாத்தான் இருக்கு ஆன்ட்டி, இனி ஒரு வருஷத்துக்குக் கவலையில்லை" என்றார். பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு ஏறக்குறைய இதே சொற்களை என் கணவரிடம் நான் சொல்லியிருக்கிறேன். அதற்கு நான் கொடுத்த விலை நினைவுக்கு வந்ததால்தான் இதை எழுதுகிறேன். நான்கு கடைகளில் விலை கேட்க வேண்டும், பில் வாங்க வேண்டும் என்பவையெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

பொதியின் விலையை மட்டும் பார்ப்பது

ஒரு ரீம் இன்னொன்றைவிட முப்பது ரூபாய் குறைவு என்றவுடன் கை அதை நோக்கிப் போகிறது. உறையின் மூலையில் அச்சிட்டிருக்கும் ஜிஎஸ்எம் எண்ணை யாரும் பார்ப்பதில்லை. அது ஒரு சதுர மீட்டர் தாளின் எடையைக் கிராமில் சொல்லும் எண். பதினாறு ஏ4 தாள்களைப் பக்கம் பக்கமாகப் பரப்பினால் ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் வரும். ஆகவே 500 தாள் கொண்ட ரீம் 70 ஜிஎஸ்எம் என்றால் சுமார் 2 கிலோ 180 கிராமும், 75 என்றால் 2 கிலோ 340 கிராமும், 80 என்றால் இரண்டரைக் கிலோவும் இருக்க வேண்டும். சமையலறைத் தராசு போதும். ஒருமுறை 75 என்று அச்சிட்டிருந்த மலிவான ரீம் ஒன்றை நிறுத்துப் பார்த்தபோது, உறையோடு சேர்த்தே 2 கிலோ 200 கிராமைத் தாண்டவில்லை. மலிவின் காரணம் தராசிலேயே தெரிந்துவிட்டது. தாள்களின் எண்ணிக்கை 500தானா என்பதையும் உறையில் பாருங்கள்.

ஒரு பக்கம் மட்டும் அச்சிடும் பள்ளி வேலைகளுக்கு 70 தாராளம். இரு பக்கமும் அச்சிடுபவர்கள் 75-க்குக் கீழே இறங்க வேண்டாம். பின்பக்கத்து எழுத்து முன்பக்கத்தில் நிழலாடும்.

டிஷ்யூவில் இந்தக் கணக்கு இன்னும் வழுக்கலானது. இரண்டு அடுக்குத் தாளை நூறு முறை உருவலாம் என்று ஒரு பெட்டியும், இருநூறு தாள் என்று இன்னொரு பெட்டியும் சொன்னால், இரண்டிலும் இருப்பது ஒரே அளவாக இருக்கக்கூடும். சுருள்களில் தளர்வாகச் சுற்றியது பருமனாகத் தெரியும். அதையும் எடை பார்த்தே வாங்குகிறேன்.

பரணில் ஏற்றி மறந்துவிடுவது

என்னை இன்றளவும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். அந்த ஆண்டு மே மாதம், பிள்ளைகள் ஆறாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் இருந்தார்கள். பத்து ரீம் தாளும் பன்னிரண்டு டஜன் நோட்டுப் புத்தகங்களும் மொத்த விலைக்கு வாங்கியதில், தெருமுனைக் கடை விலையோடு ஒப்பிட்டால் ஆயிரத்து நூறு ரூபாய் மிச்சம் என்று டைரியில் எழுதிவைத்தேன். அனைத்தையும் வந்த அட்டைப் பெட்டிகளோடு படுக்கையறைப் பரணில், பின்சுவரை ஒட்டி அடுக்கினேன். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை என்பது எனக்குத் தெரியாததல்ல. சுவரும் காகிதமும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் என்பதுதான் தெரியாது.

ஐப்பசி அடைமழையும் கார்த்திகையும் போய், மார்கழியில் ஒரு ரீமை எடுத்துப் பிரித்தேன். தாள்களின் ஓரம் பொரித்த அப்பளத்தைப் போல அலையலையாக நின்றது. பிரின்டரில் வைத்தால் இரண்டிரண்டாக இழுத்து நடுவில் சிக்கிக்கொண்டது. சுவர்ப் பக்கத்துப் பெட்டியைத் திறந்தபோது, நோட்டு அட்டைகளின் பளபளப்பு ஆங்காங்கே சுரண்டியெடுத்தது போல் மங்கியிருந்தது. பெயர் எழுத ஒட்டியிருந்த வெள்ளைச் சீட்டுகளில் பாதியைக் காணவில்லை. பெட்டியைச் சாய்த்ததும் வெள்ளி நிறத்தில் நான்கைந்து இராமபாணப் பூச்சிகள் மடிப்புக்குள் வழுக்கி ஓடின. நோட்டின் உள்ளே பேனா வைத்து எழுதிப் பார்த்தால் மை நரம்பு நரம்பாகப் பரவியது.

நடந்தது என்னவென்று பின்னர்தான் புரிந்துகொண்டேன். காகிதம் சுற்றியுள்ள காற்றின் ஈரத்துக்கு ஏற்ப நீரை உறிஞ்சவும் விடவும் செய்யும். அடுக்கிய தாள்கட்டுகளில் ஈரம் முதலில் ஓரங்களில்தான் ஏறும். ஓரத்து இழைகள் உப்பி நடுப்பகுதி அப்படியே இருப்பதால் தாள் அலையடிக்கிறது. ரீம் உறையின் உட்பக்கத்தில் ஈரம் தடுக்கும் பூச்சு இருப்பது இதற்காகவே. நானோ "எண்ணிப் பார்க்கலாமே" என்று வாங்கிய அன்றே மூன்று உறைகளைக் கிழித்திருந்தேன். இராமபாணத்துக்கு ஈரமும் இருட்டும் மாவுச்சத்தும் வேண்டும். நெளிவு அட்டைப் பெட்டியின் அடுக்குகளை ஒட்டும் பசையே மாவுப் பசைதான் என்பதால், பாதுகாப்பு என்று நான் நம்பிய பெட்டியே அதற்குப் பந்தியாகிவிட்டது. கரப்பானுக்கும் அந்த நெளிவுகள் முட்டைக்கூடு ஒட்டி வைக்க வாகான இடம்.

ஆறு ரீமும் நான்கு டஜன் நோட்டுகளும் போயின. பழைய பேப்பர் கடைக்காரர் தராசில் ஏற்றி, ஒரு தாளை விரலால் நெருடிப் பார்த்துவிட்டு, "ஈரமா இருக்கும்மா, மூணு கிலோ கழிச்சுக்கிறேன்" என்றார். என் காகிதம் என் குளியலறைச் சுவரிலிருந்து குடித்த நீரைக்கூட அவர் கணக்கில் சேர்க்கவில்லை. ஆயிரத்து நூறு மிச்சம் என்று எழுதிய அதே பக்கத்தில் இழப்பையும் எழுத மனம் வராமல் டைரியை மூடிவிட்டேன்.

இப்போது செய்வது எளிமையானது. வந்த அட்டைப் பெட்டியை அன்றே வெளியே போட்டுவிடுகிறேன். பிரிக்காத ரீம்கள் மூடியிட்ட பழைய அரிசி டின்னிலும் டிரங்குப் பெட்டியிலும் படுக்கையாக இருக்கின்றன. நிற்கவைத்தால் தாள் வளையும். பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே கை நுழையும் இடைவெளி, அடியில் மரப்பலகை. கரையான் பெரும்பாலும் தரையிலிருந்தும் சுவர்ப் பிளவிலிருந்தும் மண்பாதை கட்டிக்கொண்டு வருவதால், அந்த இடைவெளியில் பாதை கண்ணில் படும். பிரித்த ரீமின் மிச்சத்தை அதன் உறையிலேயே மடித்து ரப்பர் பட்டை போடுகிறேன். வேப்பிலையும் வசம்பும் போடுவது நல்ல பழக்கந்தான், ஆனால் அவற்றால் ஈரத்தைத் தடுக்க முடியாது. வசம்பை நம்பிப் பரணில் ஏற்றியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

டிஷ்யூவோடு அந்துருண்டை போடுவது

வாய் துடைக்கும் தாளில் அந்த நெடி ஏறினால் போகாது. போடாதீர்கள்.

செய்தித்தாளில் வடையை வடிப்பது

இது சிக்கனமல்ல. அச்சு மை எண்ணெயோடு சேர்ந்து வயிற்றுக்குள் போகும். செய்தித்தாளில் உணவைப் பொதிவதை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விதிமுறையே தடை செய்கிறது.

விசேஷத்துக்கென்று காகிதக் கோப்பைகளைச் சேர்த்துவைப்பது

உள்ளே பிளாஸ்டிக் பூசிய கோப்பைகளும் தட்டுகளும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டவை. பாக்கு மட்டைத் தட்டோ வாழையிலையோ விசேஷத்துக்கு முந்தைய நாள் வாங்கினால் போதும்.

பள்ளிப் பட்டியல் வருமுன் நோட்டு வாங்குவது

மே மாதத்தில் டஜன் கணக்கில் வாங்கிவிட்டு, ஜூனில் பள்ளி திறந்ததும் நான்கு கோடு வேண்டும், லாங் சைஸ் வேண்டும் என்று பட்டியல் வந்தால், வாங்கிய கோடு போடாத நோட்டுகள் மளிகைக் கணக்குக்குத்தான் உதவும். என் வீட்டில் அப்படி மூன்று ஆண்டுகள் மளிகைக் கணக்கு ஓடியது. சில நோட்டுகளில் அட்டையையும் விவரப் பக்கத்தையும் சேர்த்தே பக்க எண்ணிக்கை போடுகிறார்கள் என்பதால், விலையை ஒப்பிடும் முன் பின்னட்டையின் சிறிய எழுத்தைப் படியுங்கள்.

வீட்டுத் தேவையை அளக்காமல் பெட்டி கணக்கில் வாங்குவது

பெட்டி விலை மலிவு என்பது மெய்தான். ஆனால் ஒரு சாதாரணக் குடும்பத்துக்குப் பத்து ரீம், அதாவது ஐயாயிரம் தாள், எளிதில் தீராது. எனக்கு ஓராண்டுக்கு இரண்டே ரீம்தான் செலவாகிறது என்பதை, ஒவ்வொரு ரீமின் மீதும் பிரித்த தேதியைப் பென்சிலால் எழுதத் தொடங்கிய பிறகே அறிந்தேன். இதனால்தான் இப்போது பல வீடுகள் சேர்ந்து ஒரு பெட்டி வாங்கி, வந்த அன்றே பிரித்துக்கொள்கிறோம். மூன்றாம் மாடிப் பெண்ணிடமும் இதைத்தான் சொன்னேன். அவர் சற்றுத் தயங்கிவிட்டு, இரண்டு ரீமைத் தனக்கு வைத்துக்கொண்டு மற்றவற்றை வாங்கிய விலைக்கே நான்கு வீடுகளுக்குக் கொடுத்தார். டிஷ்யூ மூட்டைகளை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. அவை பரணில்தான் இருக்கின்றன, சுவரைவிட்டு ஒரு சாண் தள்ளி.